ஒற்றைத் துளி மழை

அவளுக்குப் பள்ளியில் ஒரு பெயர் இருந்தது. ஆசிரியை வருகை எடுக்கும்போது அந்தப் பெயரைக் கூப்பிட்டால், யாரோ புதுப் பெண் வந்திருக்கிறாள் என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும். அவளும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பாள். வீட்டிலும் தெருவிலும் அவள் பெயர் அவசரம்.

டாக்டர் கையுறை மாட்டி முடிப்பதற்குள் பிறந்துவிட்டாளாம். நடக்கப் பழகும் முன்பே ஓடப் பழகிவிட்டாளாம். நடப்பது எப்படி என்று இன்று வரை அவளுக்குச் சரியாகத் தெரியாது. இதையெல்லாம் சொன்னது அவள் அப்பா.

அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். ஒரு பாத்திரக் கடைக்கு அவர் அடித்த மஞ்சளைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கூடு திரும்பிய காக்கைகள் இன்னும் பொழுது இருக்கிறது என்று மறுபடியும் பறந்து போய்விட்டன. ஆகவே அவர் சொன்னால் நம்பலாம்.

ஊருக்கெல்லாம் வண்ணம் அடித்த அப்பாவின் சொந்த வாசல் மட்டும் காய்ந்த ரொட்டி நிறத்தில் கிடந்தது. சுவரோரமாக நீளமாய் ஒரு பாத்தி. பாத்தியின் கடைசியில் ஒரு தண்ணீர்க் குழாய். குழாயின் கீழ் ஒரு தகர வாளி. அவ்வளவுதான் தோட்டம்.

சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டு மாமாவின் வீடு. பூட்டு பழுது பார்ப்பதும் சாவி செய்வதும் அவர் தொழில். பின்முற்றத்தில் ஒரு தகரக் கூரை போட்டு, அதன் கீழே உட்கார்ந்துதான் வேலை செய்வார்.

அந்தத் தகரக் கூரையின் மேல் போன வருடம் ஒரு அதிசயம் நடந்தது. வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும். காற்றுகூட இருக்காது. திடீரென்று 'டிங்' என்று ஒரே ஒரு மழைத்துளி கூரையில் விழும். பூட்டு மாமா வெளியே வந்து கையை நீட்டி, அண்ணாந்து பார்ப்பார். ஒன்றும் இருக்காது. உள்ளே போய் உட்கார்ந்ததும் மறுபடியும் 'டிங்'.

யோசித்துப் பார்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அது தனக்கென்றே பெய்கிற மழை. ஒரு குடையும் வாங்கினார். பூட்டைத் திறந்து தரச் சொல்லி வருகிறவர்களிடம் அந்த மழையைப் பற்றி விளக்கமாகச் சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தொலைந்த சாவியே தேடிக்கொண்டு வந்துவிடும்.

தெருவில் பாதிப் பேர் நம்பினார்கள். அப்பா மட்டும், "ஒத்தத் துளியா? ஏன், வானத்துல குழாய் ஒழுகுதா?" என்று சிரிப்பார். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவசரம் தலை குனிந்துகொண்டு, இல்லாத செருப்பைத் தேடுவாள்.

ஒருநாள் அந்த மழை நின்றுபோனது. சித்தி வேலை கிடைத்து ஊரை விட்டுப் போன அதே சமயம்.

சித்தி அம்மாவின் தங்கை. அதுவரை இந்த வீட்டில்தான் இருந்தாள். இப்போது எங்கோ தொலைவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாடிக்கு மேல் மாடியாக அடுக்கிய விடுதியில், மேகம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து மணி கேட்டுவிட்டுப் போகும் உயரத்தில் அவள் அறை. அங்கே ஒரு கைப்பிடி மண் கிடையாது.

அந்தச் சித்தி விடுமுறைக்கு வரப்போகிறாள் என்று அம்மா சொன்னதும், வீட்டில் எல்லாருக்கும் வாசலின் நிறம் கண்ணில் பட்டது.

பூச்செடி வைக்கலாம் என்று அப்பா சொன்னார். ஒரு பருவம் மட்டும் பூத்து முடிந்து போகிற செடிகளாக வாங்கினால் சீக்கிரம் பூக்கும், சித்தி வரும்போது வாசல் பளிச்சென்று இருக்கும் என்றார். என்ன பூ என்பதை அவசரமே முடிவு செய்யலாம் என்றும் சொன்னார். அவள் அப்போதே வாசலைத் தாண்டியிருந்தாள்.

செடி விற்கிற நர்சரி அக்கா நிதானமானவள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு அது மண்ணில் இறங்கும் வரை காத்திருந்து அடுத்த கேள்வியைக் கேட்பாள். வெயில் எந்தப் பக்கம் விழும், சுவர் எவ்வளவு உயரம், தண்ணீர் யார் ஊற்றுவது என்றெல்லாம் விசாரித்தாள். அவசரம் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், சில கேள்விகளுக்குக் கேட்பதற்கு முன்பே.

முன்வரிசைக்குச் செண்டுமல்லி. நடுவில் ஜினியா. சுவரோரம் உயரமாகக் கோழிக்கொண்டை. தேர்வு முடிந்தது. அக்கா நாற்றுப் பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே கடைசியாக ஒன்று கேட்டாள்.

"பாத்தியில ஏற்கெனவே எதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லக்கா. வெறும் களைதான்."

"எந்தக் களைனு பாத்தியா? ஒண்ணு பறிச்சிட்டு வந்து காட்டு. அப்புறமா மத்ததைப் பிடுங்கலாம்."

அக்கா நிமிர்ந்து பார்த்தபோது தட்டையும் காணோம், பெண்ணையும் காணோம்.

பாத்தியில் அங்கங்கே புல் இருந்தது. இழுத்தால் முரண்டு பிடித்தது. குழாயடியில் மட்டும் வேறு ஏதோ சின்னச் சின்னதாகக் கூட்டமாக முளைத்திருந்தது. கண்ணாடி போன்ற வெளிர்பச்சைத் தண்டு. ஓரத்தில் பல் வைத்த இலை. அவை முரண்டே பிடிக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து வருகிற நல்ல பிள்ளைகள் மாதிரி, தொட்டதும் வேரோடு வந்துவிட்டன.

அப்போதாவது அவள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

எல்லாவற்றையும் அள்ளி வெயிலில் போட்டாள். நாற்றுகளை வரிசையாக நட்டாள். தண்ணீர் ஊற்றினாள். அப்பா வந்து பார்த்துவிட்டு, பலகையில் எழுத்துக்கு எழுத்து இடம் விட்ட மாதிரி இடைவெளி கச்சிதம் என்று பாராட்டினார். அன்று சாயங்காலம் வரை அவள் சந்தோஷமாக இருந்தாள்.

சாயங்காலம் சித்தி போன் செய்தாள். சித்தியிடம் இருப்பது பட்டன் போன். அதில் பேச்சு மட்டும்தான் வரும், படம் வராது. அம்மாவிடம் பேசி முடித்துவிட்டு அவசரத்தைக் கேட்டாள்.

"குழாயடியில பாத்தியா? நம்ம காசித்தும்பை முளைச்சிருச்சா?"

அவசரத்தின் காதில் போன் சூடாக இருந்தது.

"விதை எடுத்து வைக்காம வந்துட்டேன். எடுத்து வைக்கணும்னே தோணல. அது வருஷா வருஷம் தானா விழுந்து தானா முளைக்குமே. முளைச்சிருச்சாடா?"

"முளைச்சிருச்சு சித்தி" என்றாள் அவசரம். அது ஒரு வகையில் உண்மைதான். காலையில் முளைத்துத்தான் இருந்தது.

போனை வைத்துவிட்டு ஓடினாள். வெயிலில் கிடந்த நாற்றுகள் நூல் நூலாக வதங்கியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி நட்டாள். அவை எழுந்து நிற்கவில்லை. வாளித் தண்ணீர் முழுவதையும் ஊற்றியும் ஒன்றுகூட நிற்கவில்லை.

சித்தியின் காசித்தும்பை ஒரு மாதிரியான பூ. வெள்ளைப் பூவின் மேல் யாரோ தூரிகையை உதறியது போல ரோஸ் புள்ளிகள் தெளித்திருக்கும். அப்பாவேகூட அதை ஒருமுறை பலகையில் எழுதிப் பார்த்துவிட்டு, இது நமக்கு வராது என்று துடைத்துவிட்டார். அந்த நிறம் வேறு எந்த வீட்டிலும் இல்லை. இப்போது இந்த வீட்டிலும் இல்லை.

சித்தி வாரா வாரம் போன் செய்தாள். வாரா வாரம் கேட்டாள். ஆரம்பத்தில் அந்தச் செடி நாலு இலை விட்டது. அப்புறம் முழங்கால் உயரம் வந்தது. அப்புறம் ஜன்னலைத் தொட்டது. மொட்டு விட்டது. மண் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், வெறும் போனிலேயே அப்படி ஒரு செடி உலகத்தில் வேறு எங்கும் வளர்ந்ததில்லை. பாத்தியில் இருந்த கோழிக்கொண்டையால் அதோடு போட்டி போட முடியவில்லை.

செண்டுமல்லி பூத்தது. ஜினியா பூத்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவசரம் மட்டும் அந்தப் பக்கம் போனால் பாத்தியின் கடைசியைப் பார்க்காமல் திரும்பிவிடுவாள். அவள் நடக்கப் பழகியதே அப்போதுதான் என்று அப்பா பின்னாளில் சொன்னார்.

"வெள்ளையில ரோஸ் தெளிச்ச மாதிரியேதான பூத்திருக்கு?" என்று சித்தி கேட்டபோது அவள் வருவதற்கு ஒரு வாரம்கூட இல்லை.

"ஆமா சித்தி."

மறுநாள் அவசரம் நர்சரிக்குப் போனாள். அக்காவிடம் காசித்தும்பை இருந்தது. சிவப்பு இருந்தது, ஊதா இருந்தது. தெளித்தது இல்லை. சிவப்பையே வாங்கி நட்டு, நிறம் மாறிவிட்டது என்று சித்தியிடம் சொல்லலாம். அவள் ஒரு தொட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"என்ன இன்னிக்கு இவ்வளவு மெதுவா இருக்கே? உடம்பு சரியில்லையா?" என்று அக்கா கேட்டாள்.

அவசரம் தொட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து குழாயடியில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். போன வருடம் இதே வாளியின் மேல் ஏறித்தான் அவளும் சித்தியும் நிற்பார்கள். காசித்தும்பையின் காய் முற்றிவிட்டால் லேசாகத் தொட்டால் போதும். படக்கென்று சுருண்டு வெடித்து விதையை வீசி எறியும். காயைச் சுவரின் மேல் நீட்டிப் பிடித்து, குறி பார்த்து, விரலால் அழுத்துவார்கள்.

குறி, பூட்டு மாமாவின் தகரக் கூரை.

'டிங்' என்றதும் அவர் வெளியே வந்து கையை நீட்டுவார். சுவருக்கு இந்தப் பக்கம் சித்தியும் அவளும் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். சித்தி சிரிப்பை அடக்கினால் வாளி ஆடும்.

அவசரம் எழுந்து நின்றாள். கூரையில் பட்டது ஒன்று என்றால், தவறிச் சிதறியது பத்து. அத்தனை விதையும் எங்கே விழுந்திருக்கும்?

அந்த விதையைக் கேட்க வேண்டுமென்றால் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சும்மா பந்து விழுந்துவிட்டது என்று சொல்லி உள்ளே போய்ப் பார்க்கலாம்தான். பொய் சொல்வதில் இப்போது அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது. ஆனால் இன்னும் ஒரு பொய்யை வளர்க்க அவளிடம் இடம் இல்லை.

பூட்டு மாமா ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். அவசரம் எதிரே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். வாளி, காய், குறி, எல்லாம். அவர் நிமிராமல் கேட்டுக்கொண்டே ராவினார். அவள் முடித்தபோது அந்தச் சாவி தையல் ஊசியாகியிருந்தது.

"அப்போ அது மழை இல்லையா?" என்றார்.

"இல்ல மாமா."

"நான் குடை வாங்கினேனே."

குடை மூலையில் மடங்கி நின்றது. ஒரு தூசிகூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தார்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். சைக்கிள் கடைக்காரர் அவர் வீட்டுல பெய்யலையேன்னு வருத்தப்பட்டார். அவருக்கு ஆறுதல்கூடச் சொன்னேன்." ஊசியைக் கீழே வைத்தார். "அது நின்னு போனதும், நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு நினைச்சேன்."

"தப்பு எங்களோடது மாமா. நீங்க ஒண்ணும் பண்ணல."

அவர் எழுந்து முற்றத்தின் ஓரத்துக்குப் போனார். சிமென்ட் தரையும் சுவரும் சேருகிற இடத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. அதைச் சுற்றி உதவாத பழைய சாவிகளைக் கம்பியில் கோர்த்து வேலி கட்டியிருந்தார். வேலிக்குள் செடிகள் நின்றன. கண்ணாடி போன்ற தண்டு. பல் வைத்த இலை. வெள்ளைப் பூ. பூவெல்லாம் ரோஸ் தெளிப்பு.

"என் மழையில முளைச்சதுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார் பூட்டு மாமா. "தண்ணிகூட அளந்து அளந்துதான் ஊத்தினேன். பழகினது ஒத்தத் துளியில இல்லையா."

அவசரம் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தொடவில்லை.

"உங்க செடிதான. எடுத்துக்கோ. சித்தி வர்றாளாமே" என்று சொல்லிவிட்டு, அவர் திரும்பி நின்று சுவரில் தொங்கிய பூட்டுகளை வரிசைப்படுத்த ஆரம்பித்தார். அவை ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன.

அந்தத் தண்டுகள் எவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் விரல்களுக்குத் தெரியும். குழாயடியில் நட்டுவிட்டால் போனில் வளர்ந்த செடி நிஜமாகிவிடும். சித்திக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

"வேண்டாம் மாமா" என்றாள். "இது இங்கயே இருக்கட்டும். சித்தியை இங்க கூட்டிட்டு வரலாமா?"

அவர் திரும்பவில்லை. ஆனால் பூட்டுகளை வரிசைப்படுத்துவது நின்றது.

சித்தி வந்தாள். பையைக் கீழே வைக்காமலே நேராகக் குழாயடிக்குப் போனாள். செண்டுமல்லியும் ஜினியாவும் தங்களால் முடிந்த அளவு பளிச்சென்று நின்றன. அவள் அவற்றைத் தாண்டிப் போனாள். அவசரம் பின்னாலேயே போனாள்.

"நான் பிடுங்கிட்டேன் சித்தி. களைன்னு நினைச்சிட்டேன். நீங்க முதல்ல கேட்ட அன்னிக்கே அது இல்ல."

சித்தி குனிந்து அந்த மண்ணைத் தொட்டாள். "ஜன்னல் வரைக்கும் வந்துச்சுன்னு சொன்னியே?"

"சும்மா சொன்னேன்."

"மொட்டு விட்டுச்சுன்னியே."

"அதுவும்."

சித்தி திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"டியூட்டி முடிச்சு ரூமுக்கு வந்ததும், கண்ணை மூடி அதைத்தான் பாத்துட்டிருப்பேன். இன்னிக்கு இவ்வளவு உயரம் இருக்கும்னு கணக்குப் போட்டுப்பேன்."

அவசரம் அழுதாள். அழுகைகூட அன்று அவசரமாக வரவில்லை, நின்று நின்று வந்தது. சித்தி பையைக் கீழே வைத்தாள். அவசரத்தின் தலையில் கை வைத்தாள். ஆனால் பரவாயில்லை என்று சொல்லவில்லை.

அவசரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்கூட வாங்க சித்தி" என்றாள்.

பூட்டு மாமா சட்டை மாற்றியிருந்தார். முற்றத்தில் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டிருந்தார். சித்தி சாவி வேலியைப் பார்த்தாள், அதற்குள் இருந்ததைப் பார்த்தாள், தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முக்காலி சும்மா கிடந்தது. ஒவ்வொரு பூவாகப் பார்த்தாள்.

பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, "மன்னிச்சிடுங்கண்ணா" என்றாள். "அந்த மழைக்கு."

"சரி விடும்மா" என்றார் பூட்டு மாமா. "கொஞ்ச நாள் எனக்குன்னு ஒரு மழை இருந்துச்சு. யாருக்கு இருக்கு?"

சித்தி இலைகளுக்கு நடுவே விரலை விட்டுத் தேடினாள். உருண்டு திரண்ட, பழுப்பு ஏறிய ஒரு காயைப் பூவுக்கு வலிக்காத மாதிரி காம்போடு கிள்ளினாள். அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவசரம் முக்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டாள்.

"ஏறுங்க மாமா. அந்தப் பக்கம் குழாய்கிட்ட வாளி இருக்கும். கவிழ்த்து வச்சிருக்கேன். அதைக் குறி பாருங்க."

வாளியைச் சுற்றி ஒரு பாய் அளவுக்கு வெறும் மண் விட்டிருந்தாள். அதற்காகக் கோழிக்கொண்டையில் இரண்டை இடம் மாற்றியிருந்தாள். அப்பாவைக் கெஞ்சி ஒரு சின்னப் பலகையும் எழுதி வாங்கி நட்டிருந்தாள். 'இங்கே எது முளைத்தாலும் பிடுங்காதே.' அப்பா யாருக்காக என்று கேட்டதற்கு, எனக்காகத்தான் என்று சொல்லியிருந்தாள்.

பூட்டு மாமா முக்காலியில் ஏறினார். எத்தனையோ பூட்டுகளின் ரகசியம் தெரிந்த விரல்கள் அவை. காயைச் சுவரின் மேல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, லேசாக அழுத்தினார்.

'டிங்.'

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்பா வெளியே வந்தார்.

"இந்தாம்மா, இங்க வாயேன்" என்று உள்ளே பார்த்து அம்மாவைக் கூப்பிட்டது கேட்டது. "மழை தூறுது போல இருக்கு."

பூட்டு மாமா சட்டென்று குனிந்து வாயைப் பொத்திக்கொண்டார். முக்காலி ஆடியது. சித்தி அதைப் பிடித்துக்கொள்ள, அவசரம் சித்தியின் வாயைப் பொத்தினாள்.

அப்பா தெளிந்த வானத்தை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு, இரண்டாவது துளிக்காகக் காத்து நின்றார். பூட்டு மாமா ஓசைப்படாமல் கீழே இறங்கி, வேலிக்குள் இன்னொரு முற்றிய காயைத் தேட ஆரம்பித்தார்.